டேங்கருக்குக் காற்றடித்த பகல்

ஆபரேட்டரின் குடும்பம் பெரியது. ஒரு கரண்டி மொண்டால் அதில் ஒரு நாட்டின் ஜனத்தொகை இருக்கும். எல்லாம் கிருமிகள். பழுப்பு நிறம், ஈர மண் வாசனை, ஊர் கழித்துவிட்டதைத் தின்று பிழைக்கும் சாதுக்கள். இத்தனை பேரையும் இருபது வருஷத்துக்கு மேல் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் அவர். ஒருவர்கூட அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எந்தக் குடும்பத் தலைவருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு?

ஊரில் கையைக் கழுவிக் குழாயை மூடுகிறவர்கள் தண்ணீர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை. ஊர்க் கோடியில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, ஆபரேட்டரைத் தேடி வருகிறது. முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக் பை, பொம்மையின் கால் எல்லாம் அதில் மாட்டும். ஒரு முறை முழுசாக ஒரு பல் செட் சிரித்துக்கொண்டே வந்தது. அதன் சொந்தக்காரர் தேடி வந்து, வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு, அந்தப் பல்லாலேயே நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்று ஆபரேட்டர் சத்தியம் செய்வார்.

சல்லடை தாண்டினால் மணல் தங்குகிற தொட்டி. அதற்கப்புறம்தான் பெரிய தொட்டி, கிருமிகளின் குடியிருப்பு. அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அடுப்பில்லாமல் கொதிக்கிற மாதிரி தண்ணீர் குமிழியிடும். அடுத்த தொட்டியில் ஆடாமல் அசையாமல் விட்டால், வயிறு நிறைந்தவை கூட்டமாகக் கீழே படிந்துவிடும். மேலே தெளிந்தது வழிந்து, குளோரின் வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகும். கீழே படிந்த கசட்டில் பெரும்பங்கைத் திரும்பவும் பெரிய தொட்டிக்கே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வருவதைத் தின்ன ஆள் இருக்காது. வேலை இவ்வளவுதான். ஆனால் எல்லாமே காற்றில் நிற்கிறது. காற்று நின்றால் சில மணி நேரத்தில் பழுப்பு கறுத்துவிடும், மண் வாசனை போய் அழுகிய முட்டை வாடை வந்துவிடும். அப்புறம் அது குடும்பம் இல்லை, வெறும் சாக்கடை.

அவருக்குப் பெண் கொடுத்தவர்கள், ஆபரேட்டர் என்றதும் சினிமா தியேட்டரில் படம் ஓட்டுகிறவர் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை. யாரும் கேட்கவில்லையே என்பது அவர் கட்சி. கல்யாணமான வாரமே மனைவி பவுடர் பூசி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, படத்துக்குப் போகலாம் என்று வந்து நின்றாள். அவர் சைக்கிளில் ஏற்றி நேரே பெரிய தொட்டியின் கரைக்குக் கொண்டுவந்து இறக்கினார். அவள் மூக்கைப் பொத்தவில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து குமிழிகளை வெகுநேரம் பார்த்தாள்.

“இது என்னங்க படம்?”

“ஊரே சேர்ந்து நடிச்சது.”

“கதை இருக்கு. பாட்டுதான் இல்ல,” என்றாள்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும், இன்றைக்கு என்ன படம் ஓடியது என்று கேட்பாள். மழைத் தண்ணீர் புகுந்த நாளில் அழுகைப் படம் என்பார். சோப்பு நுரை மண்டிய நாளில் சிரிப்புப் படம். ப்ளோயர் மக்கர் செய்த நாளில் சண்டைப் படம்; அன்று சட்டையில் கிரீஸ் இருக்கும்.

போன வருஷம் அவள் போய்விட்டாள். நுரையீரல் வியாதி. கடைசி நாளைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

இந்த வருஷம் நிலையத்தையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பெரிதாகப் புது நிலையம் கட்டிவிட்டார்கள். ஆனால் புதுத் தொட்டி தானாக வேலை செய்யாது. பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்திலிருந்து உயிருள்ள கசடு கொண்டுபோய் ஊற்ற வேண்டும். புது நிலையத்து இன்ஜினியரம்மா போன் செய்து, அவருடைய கசடே போதும் என்றாள். ஒரு டேங்கர், ஒரு நடை. உயிரோடு வந்தால் எடுத்துக்கொள்வோம், கறுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு இடத்தில் பார்ப்போம் என்று தணிவாகவே சொன்னாள். அன்று சாயங்காலமே பழைய ப்ளோயரை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அதே தணிவோடு சொன்னாள். ஆக, அந்த டேங்கரில் போவதுதான் மிச்சம். மற்றதெல்லாம் அன்றோடு சரி.

ஆபரேட்டர் லாரியில் தானே ஏறிக்கொண்டார். டிரைவர் உற்சாகமான ஆள். இந்த வண்டிக்குப் பின்னால் நின்று ஹாரன் அடிக்க இதுவரை ஒருவனுக்கும் மனசு வந்ததில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே ஓட்டினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. குறுக்கே ஒரு சரக்கு ரயில் நின்றது. ஓடவில்லை, நின்றது. இன்ஜின் கோளாறாம், வேறு இன்ஜின் வர வேண்டுமாம். உச்சி வெயில் டேங்கரின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. சுற்றிப் போக வேறு வழி இல்லை. திரும்பலாம் என்றால் பின்னால் பஸ்ஸும் காரும் ஒட்டிக்கொண்டு நின்றன.

நேரம் போனது. ஆபரேட்டர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, முகத்தை ஒதுக்கி மெல்ல மூக்கைக் கொடுத்தார். மண் வாசனைக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு. 

இதே கேட். இதே மாதிரி ஒரு ரயில். அன்று அவர் ஆம்புலன்ஸுக்குள் இருந்தார். இடது பக்கம் அவள் படுத்திருந்தாள். வலது பக்கம் ஆக்ஸிஜன் சிலிண்டர், அதன் தலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் முள். ப்ளோயரின் முள்ளைப் பார்ப்பது அவர் தொழில். அது இறங்க இறங்க அவர் கண்ணை எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் முள் விழுந்துவிடும் என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்து மூடியை விலக்கிக் கேட்டாள்.

“அந்த முள்ளுல என்னங்க படம் ஓடுது? கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க.”

“இரு, இரு,” என்றார் அவர், முள்ளைப் பார்த்தபடி.

அவர் திரும்பியபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது பார்வை இல்லை.

டேங்கரின் துவாரத்துக்கு மேல் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். கேட்டை ஒட்டி ஒரு பஞ்சர் கடை இருந்தது. ஏணியில் இறங்கி நேரே அங்கே போனார்.

“தம்பி, கொஞ்சம் காத்து அடிக்கணும்.”

பஞ்சர் கடைக்காரர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார். “எல்லாம் கல்லு மாதிரி இருக்கேண்ணே?”

“டயருக்கு இல்ல. டேங்குக்கு.”

“உள்ள என்னண்ணே இருக்கு?”

“உசுரு.”

கடைக்காரர் மூக்கைச் சுருக்கினார். “வாசத்தப் பாத்தா அப்படித் தெரியலையே.”

“காத்து குடுத்தா தெரியும்,” என்றார் ஆபரேட்டர்.

கேலி செய்ய வாயெடுத்த கடைக்காரர், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இரண்டு ஹோஸை ஒட்டுப் போட்டு நீளமாக்கினார். நுனி மிதக்காமல் இருக்க ஒரு பழைய வீல் ஸ்பேனரைக் கட்டினார். கம்ப்ரஸரை ஓடவிட்டு, தானே மேலே ஏறி, ஹோஸை டேங்குக்குள் இறக்கினார். உள்ளே குபுகுபு என்று சத்தம் கிளம்பியது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் தலையை நீட்டி, சாக்கடைக்குக் காற்றடிப்பதைப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சேதி ஊருக்குள் போய், டேங்கர் பலூன் மாதிரி ஊதி ஒரு முழம் மேலே எழும்பியது என்று முடிந்தது.

“கீழ மெஷின்ல முள்ளு இருக்குண்ணே. இறங்குச்சுன்னா ஒரு குரல் குடுங்க,” என்றார் கடைக்காரர்.

“நீங்களே பாத்துக்குங்க தம்பி. நான் இதைப் பாக்கணும்,” என்று ஆபரேட்டரும் மேலே ஏறித் துவாரத்துக்கு நேரே உட்கார்ந்துவிட்டார். இருட்டுக்குள் பழுப்பாகக் குமிழிகள் எழுந்து உடைந்தன. புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

கடைக்காரர் அடிக்கடி இறங்கி மெஷினைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். பேச்சுவாக்கில், போன வருஷம் இதே இடத்தில் ஓர் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். உள்ளே ஓர் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அதன் டிரைவர் இறங்கி ஓடிவந்து கேட்காரனிடம் கத்தினாராம். ரயில் நடுவில் நிற்க, கேட்டைத் திறந்து என்ன பிரயோஜனம்?

“நான் இங்க மெஷின் நெறைய காத்த வெச்சுக்கிட்டு நின்னேண்ணே. அந்தக் காத்து வேற, இந்தக் காத்து வேறன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் படுத்தா அதான் ஞாபகம் வருது. கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டமேன்னு.”

ஆபரேட்டர் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா பொழச்சிருப்பாங்க, இல்லண்ணே?”

ஆபரேட்டர் ஹோஸை இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கினார்.

“பொழச்சிருப்பாங்க தம்பி,” என்றார் ஆபரேட்டர்.

வேறு இன்ஜின் வந்து ரயிலை இழுத்துக்கொண்டு போனது. காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, காற்றுக்கு யாராவது காசு வாங்குவார்களா என்று கடைக்காரர் ஹோஸைச் சுருட்டினார். பஞ்சர் கடை நடத்துகிறவர் சொல்லக்கூடிய பதில் இல்லைதான்.

புது நிலையத்தில் இன்ஜினியரம்மா ஒரு கண்ணாடிக் குடுவையில் கசடை மொண்டு மேஜைமேல் வைத்தாள். உயிருள்ளது என்றால் பொத்தென்று படிந்து, மேலே தண்ணீர் தெளிய வேண்டும். மேஜையைத் தட்டக் கூடாது என்பதால் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். படிந்தது. மேலே நின்ற தண்ணீர் வழியாக எதிர்ச் சுவரின் விரிசல் தெரிந்தது.

“நல்ல கசடுங்க. கவலை வேண்டாம், ஊத்திடலாம்,” என்றாள்.

ஊற்றினார்கள். குளம் மாதிரி கிடந்த அந்தத் தொட்டியில் அவருடைய ஒரு டேங்கர், தரையில் சிந்தின தேநீர் அளவுக்குப் பழுப்பாகப் பரவி, கலைந்து, காணாமல் போனது. பெருக நாளாகும், காற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று இன்ஜினியரம்மா சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போனால் என்ன படம் என்று கேட்க யாரும் இல்லாததால், அவசரமும் இல்லை. ஆனால் டிரைவருக்கு இருந்தது.

திரும்பி வருகிறபோது கேட் திறந்திருந்தது. ரயில் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை.

“தம்பி, கேட்டுக்கு முன்னால ஒரு நிமிஷம் நிறுத்துங்க.”

“தொறந்துதானண்ணே இருக்கு?”

“தெரியும். நிறுத்துங்க.”

டிரைவர் அவரை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எதிரே டீசல் முள், வேக முள், சூடு காட்டும் முள் என்று வரிசையாக இருந்தன. ஆபரேட்டர் அவற்றிலிருந்து கண்ணை எடுத்து, இடது பக்கம் திரும்பினார். அங்கே கதவும், கண்ணாடி இறக்கின ஜன்னலும்தான் இருந்தன. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். டிரைவரின் பெருமை அன்றைக்குப் போனது. ஆபரேட்டர் திரும்பவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பஞ்சர் கடைக்காரர் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையைத் தூக்கினார்.

“என்னண்ணே, காத்து வேணுமா?”

ஆபரேட்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.