லிஃப்டில் மாட்டியவர்களின் பாட்டி

பாட்டி போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகியும் அவள் வீட்டு ஃபோன் ஓயவில்லை. லிஃப்ட் ரிப்பேர் கம்பெனி நம்பருக்கும் அதற்கும் கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம். இருபது வருடமாக, நடுவழியில் லிஃப்ட் நின்றுபோனவர்கள் பதற்றத்தில் பாட்டியைத்தான் அழைத்தார்கள். நம்பரை மாற்றச் சொல்லி வீட்டில் எல்லோரும் தலைபாடாக அடித்துக்கொண்டும் அவள் அசையவில்லை. மெக்கானிக்குக்குத் தகவல் சொல்லிவிட்டு, கதவு திறக்கும்வரை அவர்களுக்காக ஃபோனிலேயே பிரார்த்தனை செய்வாள்.

இணைப்பைத் துண்டிக்க வந்திருந்த பேத்தி, மணி அடித்ததும் எரிச்சலோடு எடுத்தாள்.

"பாட்டி, மறுபடியும் மாட்டிக்கிட்டேன்," என்றது ஒரு பெண்குரல்.

"பாட்டி தவறிட்டாங்க. நான் அவங்க பேத்தி."

மறுமுனையில் விம்மல் கேட்டது. எந்த இடம் என்று கேட்டுக்கொண்டு, சுவரில் பாட்டி பென்சிலால் கிறுக்கியிருந்த கம்பெனி நம்பருக்குத் தன் செல்ஃபோனிலிருந்து தகவல் சொன்னாள் பேத்தி. ஆனால் ரிசீவரை வைக்கக் கை வரவில்லை. சாமி, பிரார்த்தனை என்றாலே காத தூரம் ஓடுகிறவள் அவள்.

"பாட்டி வேண்டிக்கிறப்ப எப்படிங்க ஆரம்பிப்பாங்க?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லைங்க."

"'ஆண்டவனே, மறுபடியும் நான்தான், கோவிச்சுக்காதே'ன்னு ஆரம்பிப்பாங்க."

பேத்தி கண்ணை மூடினாள். 'மறுபடியும்' என்று அவள் சொன்னால் அது பச்சைப் பொய்.

"ஆண்டவனே," என்றாள் மெல்ல, "அதே நம்பர்தான். பேசுறது மட்டும் பேத்தி. கோவிச்சுக்காதே."