ஐந்தாம் நாள் மூங்கில்

எல்தாத் அண்ணனின் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. சூரை பிடிக்கத் தனியாகப் போனவர். என் பெரியப்பா மகன். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள், உடல் இல்லாமலே பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டோம்.

மறுநாள் காலை அவர் மனைவி ரோவெல், வீட்டுக்கு வெளியே ஈரப்பலா மரத்தடியில் பாயோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணி வெளிய இருக்கீங்க?"

"உள்ள உங்கண்ணன் இருமறாரு."

ஓலைச் சுவரில் காதை வைத்தேன். இரண்டு முறை கமறல், ஒரு இழுப்பு. அவருடைய இருமல்தான். பாதிரியாரைக் கூட்டி வந்தேன். எங்கள் ஊர்க்காரர்தான் அவரும். வாசலில் நெடுநேரம் நின்று கேட்டார்.

"ஜெபம் நான் பண்ணிட்டேன்," என்றார். "மிச்சத்தை நாளைக்கு ஊர் பண்ணட்டும். நானும் நிக்கிறேன்."

எங்கள் தீவில் இறந்தவரின் ஆவி ஐந்து நாள்தான் வீட்டில் தங்கலாம். ஐந்தாம் நாள் வீட்டிலிருந்து கடல்வரை ஊரே இரண்டு வரிசையாக நின்று, பிளந்த மூங்கிலைத் தட்டி அதை அனுப்பி வைக்கும். வரிசையில் இடைவெளி விழுந்தால் ஆவி அதன் வழியாக ஊருக்குள் நழுவிவிடும். மேற்குப் பக்கத்து ஏழு வீடுகளும் வராவிட்டால் எங்களுக்கு ஆள் போதாது. அந்த ஏழு வீடும் அண்ணனின் தாய்மாமன் சீமியோனுடையவை. தோட்ட எல்லைத் தகராறில் மூன்று வருடமாக அவர் அண்ணனோடு பேசுவதில்லை.

நான் போய்ச் சொன்னதும் அவர் கத்தியை எடுத்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் மூங்கில் புதரை நோக்கி நடந்தார்.

"என்னடா பாக்குற? எங்க வீட்டுல மட்டும் பதினொரு பேரு. பதினொரு மூங்கில் வேணாமா?"

ஐந்தாம் நாள் நடுப்பகலில் சங்கு ஒலித்தது. தட்டத் தொடங்கினோம். அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் இருமல் தெளிவாகக் கேட்டது. வாசலைத் தாண்டி, இரண்டு வரிசைக்கும் நடுவே மெல்ல இறங்கி வந்தது. என் முழங்கால் பக்கம் கேட்டபோது மூங்கிலை நழுவவிட்டேன். சீமியோன் மாமா அதைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அடிடா. அழுதுகிட்டே அடி."

அவரும் அழுதுகொண்டிருந்தார். இருமல் பாறைகளைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கி நின்றுபோனது. பாதிரியார் கடல்மீது சிலுவை வரைந்தார்.

மூன்று நாள் கழித்து, பக்கத்துப் பெரிய தீவான வனுவா லாவாவிலிருந்து ஒரு படகு வந்தது. உதடு வெடித்து, எலும்பும் தோலுமாய் அதிலிருந்து எல்தாத் அண்ணன் இறங்கினார். யாரும் கிட்டே போகவில்லை.

"என்னப்பா, செத்தவனப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

அவர் மணலில் உட்கார்ந்து சொன்னார். ஆளில்லாத பாறைத்தீவு ஒன்றில் கிடந்திருக்கிறார். பசியில்லை, தாகமில்லை, கூப்பிடக் குரலும் இல்லை.

"ஒரு நாள் உச்சி வெயில்ல கடலுக்குள்ளருந்து மூங்கில் சத்தம் வந்துச்சு. அப்புறம் தண்ணியிலருந்து ஏதோ ஏறி வந்து பக்கத்துல உக்காந்துச்சு. இருமுச்சு. அதுக்கப்புறந்தான் எனக்குத் தாகம் எடுத்துச்சு. எழுந்து மழத்தண்ணி தேடுனேன். அப்பத்தான் அந்தப் பக்கமா வந்த இந்தப் படகுக்காரங்க கண்ணுல பட்டேன்."

ரோவெல் அண்ணி பின்னால் நகர்ந்து தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மூங்கில் தட்டி அனுப்பிவிட்ட பெயருக்கு எங்கள் வழக்கப்படி திரும்ப ஊருக்குள் இடமில்லை. அதனால் சீமியோன் மாமா அண்ணனையும் கூட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, அவரைத் தோளில் தூக்கி, புதுக் குழந்தையைப்போலக் கரையேற்றினார். செத்துப்போன தன் தம்பியின் பெயரை அவருக்கு வைத்தார். ஏழு வீட்டுப் பெண்களும் முறை போட்டு அவருக்குச் சமைத்தார்கள்.

அவர் கண்களைப் பார்த்துப் பேச எனக்கே பல மாதம் ஆனது.

கிழங்கு அறுவடை முடிந்ததும் ஒரு காலையில் அண்ணி பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"பயமா இல்லையா அண்ணி?"

"இருக்கு," என்றார். "ஆனா தனியா உக்காந்து சாப்பிடறாரு. பாக்க முடியல."