நாலாவது தட்டு

காலர் மடிப்பில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, எக்ஸ்ரேக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றுவது அவளுக்குத் தெரிந்தது. அது அப்பாவின் வெள்ளைச் சட்டை. ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுப்பார்கள். அதற்குள் சட்டையும் பேண்டும் அங்கே போய்ச் சேர வேண்டும். தம்பி நேற்று மாலையிலிருந்து அங்கேதான், காகிதங்களை வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நின்றுகொண்டிருந்தான்.

எக்ஸ்ரேக்காரர் ஸ்கேன் சென்டரில் அப்பாவோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். நேற்று சர்வர் அறையில் அப்பா விழுந்துகிடந்ததை முதலில் பார்த்தவரும் அவர்தான். அம்மாவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்மா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் வந்து, சட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாப்பா, கேக்கக் கூடாத நேரம். கேக்காம போனாலும் சோறு இறங்காது."

"சொல்லுங்க மாமா."

"அலாரம் கத்துது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து."

சர்வர் அறையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதில் எட்டு தட்டுகள், தட்டுக்கு ஒரு டிஸ்க். பதினோரு வருஷத்தில் சென்டரில் எடுத்த ஒவ்வொரு எலும்பும் மூளையும் வயிற்றுப்பிள்ளையும் அந்த எட்டிலும் துண்டு துண்டாகப் பரவிக் கிடந்தன. எட்டில் ஒன்று செத்தால் மீதி ஏழும் கணக்குப் போட்டு அதன் பங்கைச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. அப்பா இதைச் சாப்பிடும்போது பலமுறை சொல்லியிருக்கிறார். எட்டு பேர் பீரோ தூக்குற மாதிரி; ஒருத்தன் கையை விட்டா சமாளிக்கலாம், ரெண்டு பேர் விட்டா பீரோ கால் மேலதான்.

நேற்று ஒரு டிஸ்க் செத்திருந்தது. அதை மாற்றத்தான் அவர் உள்ளே போனார்.

"ஸ்க்ரீன்ல டிஸ்க் நம்பர் மூணு போச்சுன்னு காட்டுது. அப்பா பாதி இழுத்து வெச்சிருக்கறது நாலாவது தட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்லா ஓடுனதைப் போய் இழுத்துட்டார்ங்கறாரு மேனேஜர். நெஞ்சு வலியில கண்ணு மறைச்சிருக்கும்னு. நாலை உள்ள தள்ளிட்டு மூணை உருவப் போறாராம். ஞாயித்துக்கிழமை, கம்பெனிக்காரனும் போனை எடுக்க மாட்டேங்கறான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பழைய படமெல்லாம் திறக்குதா மாமா?"

"திறக்குது. ஆமை மாதிரி."

"மூணும் செத்து, நாலும் வெளிய இருந்தா ரெண்டு டிஸ்க் போன மாதிரி. அப்ப எப்படித் திறக்கும்?"

எக்ஸ்ரேக்காரர் அவளைப் பார்த்தார். "அதான் எனக்கும் இடிக்குது. எடுத்துச் சொல்லத் தெரியல. எலும்பு உடைஞ்சிருந்தா சொல்லுவேன்."

அவள் மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"இந்த நேரத்துல உனக்கு ஏன்மா இந்தத் தொல்லை" என்றார் மேனேஜர். பின்னால் அலாரம் கேட்டது. "நாங்க பாத்துக்கறோம். அப்பா மேல யாருக்கும் கோபமில்ல. மனுஷன்னா தப்பு வரும்."

"எதையும் தொடாதீங்க சார். நான் வர்றேன்."

வீட்டில் அப்பா எதையும் பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணுவார். மெஷின்களோடு இருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவள் பூஜ்ஜியம், தம்பி ஒண்ணு. பெண் பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை, "இவதான் எங்க வீட்டுப் பூஜ்ஜியம்" என்று அவர் பெருமையாகச் சொல்ல, அவர்கள் காபியை முடித்துவிட்டுப் போனவர்கள்தான் என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அத்தைதான் இப்போது வாசலை மறித்தாள். "அப்பன் இன்னும் வீடு வந்து சேரல. அதுக்குள்ள ஆபீசா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு ஏற்கெனவே பேசுது அத்தை."

அம்மா எழுந்து வந்து இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். வலது கைப்பகுதி இன்னும் தேய்க்காமல் கிடந்தது.

"தப்பா இழுத்துட்டார்ங்கறாங்களா?"

"ஆமாம்மா."

"முப்பது வருஷத்துல ஒரு தடவை பால் பாக்கெட் மாத்தி வாங்கிட்டு வந்தாரு. அதையும் அவரே திரும்பப் போய் மாத்திட்டு வந்தாரு." அம்மா கைப்பகுதியை விரித்துப் போட்டாள். "போய்ப் பாரு. பாத்துட்டு உள்ளதைச் சொல்லு. தப்புன்னா தப்புன்னே சொல்லு."

சர்வர் அறை குளிர்ந்துகிடந்தது. வெளியே போக வழி தெரியாத காற்று ஒன்று அங்கேயே குடியிருப்பதுபோல மின்விசிறிகள் இரைந்தன. அதற்கு மேல் அலாரம். தரையில் புது டிஸ்கின் அட்டைப்பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் யாரோ கழற்றிப் போட்ட ரப்பர் கையுறை. நேற்று காலையில் போட்ட சட்டையையே மேனேஜர் போட்டிருந்தார். அவருடைய கை மூன்றாவது தட்டின் பிடியில் இருந்தது.

"தொடல. சும்மா வெச்சிருக்கேன்" என்றார்.

நாலாவது தட்டு பாதி வெளியே நின்றது. எட்டு தட்டுகளிலும் அப்பாவின் கையெழுத்தில் சின்னச் சீட்டுகள், ஒன்றிலிருந்து எட்டு வரை. அவள் திரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த வரிசையை மேலேர்ந்து கொஞ்சம் படிங்க."

"எதுக்கு?"

"படிங்க."

"டிஸ்க் பூஜ்ஜியம், ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுதான் செவப்பா இருக்கு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

"எட்டு எங்க சார்?"

"எட்டு இல்ல."

"தட்டுல எட்டு இருக்கே."

மேனேஜர் திரையைப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து, முதல் தட்டில் பூஜ்ஜியம் என்று தொடங்கி, உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டு போனார். மூணு என்றபோது விரல் பாதி வெளியே நின்ற தட்டில் இருந்தது.

அவர் குனிந்து சீட்டுகளைப் பார்த்தார்.

"அப்ப அவரு ஏன் ஒண்ணுலேர்ந்து சீட்டு ஒட்டினாரு?" என்றார் மேனேஜர்.

எக்ஸ்ரேக்காரர் தொண்டையைச் செருமினார். "முதல்ல பூஜ்ஜியத்துலேர்ந்துதான் சார் ஒட்டினாரு. நீங்கதான் 'என்னய்யா, முதல் தட்டே பூஜ்ஜியம்னு இருக்கு, நாலு பேரு எண்ணுற மாதிரி எண்ணு'ன்னீங்க. மறுநாளே பிச்சுட்டு வேற ஒட்டினாரு."

மேனேஜர் மூன்றாவது தட்டின் மேல் வைத்த கையை பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"உருவியிருப்பேன்மா."

"உருவலையே சார்."

மீதியை யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. இருவரும் ஓரடி பின்னால் நகர்ந்ததே பதிலாக இருந்தது. தட்டின் பிடியில் மெல்லிய தூசு. நான்கு விரல்கள் பட்ட இடங்கள் மட்டும் கறுப்பாகப் பளிச்சென்று தெரிந்தன. அவள் பிடியை ஓரத்தில் பிடித்து இழுத்தாள். அலமாரியின் மேல் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. செத்த டிஸ்கின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அதே நான்கையும் புதியதில் முடுக்கினாள். கடைசித் திருகாணி இரண்டு முறை கைதவறித் தரையில் விழுந்தது. எக்ஸ்ரேக்காரர் இரண்டு முறையும் முட்டி போட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். தட்டு உள்ளே போய்ச் சொடுக்கிக்கொண்டது. ஆரஞ்சு விளக்கு ஒன்று சிமிட்டத் தொடங்கியது.

திரையில் புதிய வரி வந்தது. நிரம்பியது பூஜ்ஜியம் சதவீதம். மீதி பத்தொன்பது மணி நேரம். அலாரம் நின்றது. அது நின்ற பிறகுதான் அவள் தோள்கள் இறங்கின.

"எவ்வளவு ஆச்சுன்னு அப்பப்ப அனுப்பட்டுமா பாப்பா?" என்று கேட்டார் எக்ஸ்ரேக்காரர்.

"அனுப்புங்க மாமா."

அப்போது பதினொன்றரை.

ஒன்றரைக்கு அப்பா வந்தார். சட்டை தோளில் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கைப்பகுதியில் மட்டும் கத்தி போல மடிப்பு. ஆட்கள் வந்தார்கள், போனார்கள், வெயிலைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் அம்மாவிடம் எதுவும் சொல்ல முடியவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நாலு மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆறு மணிக்கு வீடு காலியாகியிருந்தது. தம்பி கூடத்து நாற்காலியிலேயே, ஷூவைக் கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருந்தான். சமையலறையில் அத்தை டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள், சுவரைப் பார்த்தபடி. அவள் கதவருகே நின்றபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"யாரு?"

"எக்ஸ்ரே மாமா. முப்பத்திநாலாம்."

"எதுல?"

"நூத்துல." அவள் உள்ளே வந்தாள். "அப்பா இழுத்தது சரியான டிஸ்க்தாம்மா. புதுசு மாட்டியாச்சு. மத்த ஏழும் சேர்ந்து அதை நிரப்பிக்கிட்டு இருக்கு."

சமையலறையில் தண்ணீர் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"எப்ப முடியும்?"

"காலைல ஆறரைக்கு."

"அதுவரைக்கும் யாரு பாத்துக்கறா?"

"மேனேஜர் அங்கேயேதான் உக்காந்திருக்காராம். வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போக மாட்டேங்கறாராம்."

அம்மா சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். அவள் படுத்துக்கொண்டு, திரை மேலே இருக்கும்படி போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.