குளத்துக்கு வந்த மாப்பிள்ளை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீச்சல் குளத்தைச் சுற்றி நின்றவர்கள்: குளத்தைத் தன் கையால் கட்டிய டைல்ஸ்காரர், அதை மூட வந்திருந்த அவருடைய அண்ணன் வேன்காரர், மூடுவதற்கு மண் கொண்டுவந்த லாரிக்காரர், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தது போதாமல் ஏணி வைத்து இந்தப் பக்கமே இறங்கிவிட்ட பக்கத்து வீட்டுக்காரி, டைல்ஸ்காரரின் மனைவி. குளத்துக்குள் யாரும் இல்லை. கரையில், பக்கத்தில் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை என்றது ஆளை அல்ல, மிஷினை. கைப்பெட்டி அளவு இருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை, அடியில் உருளும் பிரஷ். குளத்தின் தரையில் ஊர்ந்து, சுவரில் ஏறி, அழுக்கை உறிஞ்சித் தன் வயிற்றில் இருக்கும் கூடையில் சேர்த்துக்கொள்ளும். கட்டிக் கொடுத்துவிட்ட மகள் வாங்கி அனுப்பியது. பெட்டியைப் பிரித்த அன்றே டைல்ஸ்காரர் பெயர் வைத்துவிட்டார்.

"தூக்கிட்டுப் போய் இறக்கி விடணும். வேலை முடிஞ்சா தூக்கிட்டு வந்து நிழல்ல உக்கார வைக்கணும். வயித்தைத் திறந்து கழுவி விடணும். வெயில் ஆகாது. இதுக்குப் பேரு மிஷினா? மாப்பிள்ளைடி இது."

நிஜ மாப்பிள்ளை போனில் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்.

டைல்ஸ்காரர் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர். வேலை முடிந்ததும் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பின்னால் குவித்தார். பைத்தியம் என்றார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடுமுறை நாட்களில் குழி வெட்டி, சுவர் எழுப்பி, துண்டு துண்டாக ஒட்டி, ஒரு குளத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். தரையின் நடுவில் ஒரு மீன். சிவப்பு, மஞ்சள், கறுப்பு உடைசல்களால் ஆனது. தரையோடு தரையாக இல்லாமல் ஒரு விரல் கனத்துக்கு மேடாக நிற்கும். "தட்டையா வெச்சா படம். மேடா வெச்சாத்தான் மீன்" என்பார். அவர் செய்த வேலையிலேயே யாரும் சொல்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

பிறகு வலது தோள் போனது. ஆபரேஷன் செய்தும் கை தோளுக்கு மேல் ஏறவில்லை. நீளக் கம்பியில் பிரஷ் மாட்டிக் குளத்தைத் தேய்ப்பது இரண்டு கை வேலை. தேய்ப்பது நின்றது. தண்ணீர் பச்சையாகி, தவளை வந்து, கொசு வந்து, கடைசியில் வேன்காரர் வந்தார்.

"மூடிடுடா. மேல சிமென்ட் போட்டா என் வேன் நிக்கும். இடம் ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு."

டைல்ஸ்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வாங்கண்ணே. அடித்தரை தெரியலைன்னா மண்ணைக் கொட்டி மூடிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மிஷின் ஓட்டுகிறாள். காலை ஷிப்ட். சிமென்ட் தரையில் நின்று நின்று கால் இரண்டும் வீங்கிப்போய் வீடு திரும்புவாள். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு குளத்தில் மல்லாக்கப் படுத்தால்தான் அந்தக் கால்கள் அவள் பேச்சைக் கேட்கும். நாற்பது வயதுக்கு மேல் அதே குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டவள். அவள் குடும்பத்தில் நீந்தத் தெரிந்த முதல் பெண் அவள்தான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வாள்.

ஆக, குளம் போனால் டைல்ஸ்காரருக்குப் போவது மீன். அவளுக்குப் போவது கால்.

மிஷினை அவள்தான் கையில் எடுத்தாள். முதல் நாள் தண்ணீரில் போட்டு சுவிட்சைத் தட்டினாள். அது உள்ளே போகாமல் செத்த மீன் மாதிரி மேலேயே மிதந்தது. "மாப்பிள்ளை மல்லாந்துட்டார்" என்று டைல்ஸ்காரர் நாற்காலியில் இருந்தபடியே அறிவித்தார். உள்ளே காற்று இருந்தது. தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, குமிழி நின்ற பிறகு விட்டாள். முங்கியது. ஆனால் கூடை முழுக்கப் பாசி அடைத்து வெளியே வந்தது. தண்ணீர் எப்போதும்போல் பச்சைதான்.

அன்றைக்கு ஷிப்டில் ரத்தக்கறைப் போர்வைகளை ஊறப் போடும்போது அவளுக்கு உறைத்தது. கறைத் துணியை யாராவது நேரே மிஷினில் திணிப்பார்களா? வீட்டுக்கு வந்து முதலில் குளோரின் போட்டாள். ஏணியில் நின்று சுவர்களைத் தேய்த்தாள். பச்சை செத்துச் சாம்பல் நிறமாகித் தரையில் படியும் வரை, கை பரபரத்தாலும், காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் பொடிக் கண் வலையை மாட்டி மிஷினை இறக்கினாள். ஒவ்வொரு நாளும் டூட்டி முடிந்து வந்து வலையைக் கழற்றி அலசினாள், சலவை மிஷினின் பஞ்சு வலையை அலசுவதுபோல. ஒரு நாள் மத்தியானம் வந்து பார்த்தால், தண்ணீருக்கு அடியில் சிவப்பாக ஒரு வால் தெரிந்தது. அதன் பிறகு முழு மீனும்.

அவளைப் பிடிக்க முடியவில்லை. சலவைப் பிரிவில் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். காலையில் இறக்கிவிட்டு டூட்டிக்குப் போவாள். மத்தியானம் வந்தால் தரை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். டைல்ஸ்காரர் நாற்காலியில் ரேடியோ கேட்டுக்கொண்டு, "உன் மாப்பிள்ளை தூங்குறார்" என்பார்.

"நடுவுல அந்த மீன் தடுக்குமே அத்தை? அதைத் தட்டி எடுத்துடச் சொல்லுங்க" என்றார் நிஜ மாப்பிள்ளை போனில்.

"ஒண்ணும் தடுக்கலை மாப்ளே. ஜம்முனு ஏறிப் போகுது."

வேன்காரரிடமும் அவள் சும்மா இருக்கவில்லை. "கையே பட வேண்டாம் மாமா. எல்லாம் அதுவே பார்த்துக்கும்."

அந்த வாய்தான் இப்போது வம்பில் மாட்டிவிட்டது.

முந்தின நாள் புழுதிக் காற்று அடித்திருந்தது. தரை முழுக்க மண் படிந்து, இலைகள் கிடந்தன. தண்ணீர் மட்டும் கண்ணாடி. வேன்காரர் குனிந்து பார்த்தார். பின்பக்கத்துக் கதவின் பூட்டு அவர் வாங்கிப் போட்டது. அதற்கு ஒரே ஒரு சாவி, அது எப்போதும் அவர் சட்டைப் பையில். லாரி அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். சுண்டு விரல் நீளச் சாவியை எடுத்து, ஆழமான பக்கத்தில் விட்டெறிந்தார்.

"தெரியுதா பார்ப்போம்."

தெரிந்தது. சாவியின் பல்கூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "எனக்கே தெரியுது, எனக்குக் கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

"தண்ணி சரி," என்றார் வேன்காரர். "தரை? நேத்து ஒரு காத்துக்கே இந்தக் கதி. இவனுக்குக் கை வராது, உனக்கு டூட்டி. யாரு தேய்க்கிறது? கையே பட வேண்டாம்னு சொன்னியேம்மா. இறக்கு. அது முழுசும் செஞ்சு முடிச்சா நான் என் வழியைப் பார்த்துப் போறேன். நடுவுல யாராவது கை வெச்சா லாரி உள்ள வரும்."

"கதவுச் சாவி தண்ணிக்குள்ள கிடக்கே சார்" என்றார் லாரிக்காரர்.

"அது எடுத்துக்கலாம். நீ சும்மா இரு."

அவள் மிஷினைச் சாய்த்து, குமிழி விட்டு, இறக்கினாள். கிர்ரென்று கிளம்பியது. அதன் பின்னால் அழுக்கில் ஒரு சுத்தமான பாதை விழுந்தது, முடி வெட்டுகிறவர் மிஷின் ஓட்டியதுபோல. போனது, திரும்பியது, பக்கத்தில் இன்னொரு பாதை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் திருப்பத்தில் அது சாவியின் மேல் போனது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். மிஷின் நகர்ந்த இடத்தில் சாவி இல்லை.

"முழுங்கிடுச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"நிறுத்தும்மா. சாவியை எடு."

"இப்ப தூக்கினா வயித்துல உள்ளது எல்லாம் வாய் வழியா திரும்பக் கொட்டிடும் மாமா. முடிச்சுட்டு அதுவே நிக்கும். கையே வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

லாரிக்காரர் திரும்பி நின்று சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் மிஷின் நடுவுக்கு வந்தது. மீனின் துடுப்பில் முட்டியது. முன்பக்கம் தூக்கியது, ரப்பர் பட்டை தரையை விட்டுக் கிளம்பி, அங்கேயே உட்கார்ந்துகொண்டு சுற்றியது. இடது பக்கம் திரும்பப் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. கிர்ர் கிர்ரென்று அனத்தியது. அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். ஜம்மென்று ஏறிப் போகும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்.

"மாட்டிக்கிச்சா?" வேன்காரருக்குக் குரலில் சர்க்கரை வந்துவிட்டது. "லாரியை ஸ்டார்ட் பண்ணுப்பா."

டைல்ஸ்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து மீனிடம் போனார். கீழே பார்க்கக்கூட இல்லை. கால் பெருவிரலை மிஷினின் அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். அது இறங்கி, மீனைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் அங்கேயே நின்று, துடுப்பின் இடுக்கில் இருந்த மண்ணைக் குதிகாலால் தேய்த்துக் கலக்கிவிட்டார். மிஷின் திரும்பி வந்தபோது அதை உறிஞ்சிக்கொண்டது.

இவ்வளவு பழகிய கால் இன்றைக்குப் பழகியது அல்ல என்று அவளுக்குப் புரிந்தது.

"எத்தனை நாளாங்க?"

"தெனமும்தான். நீ போனதும்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா மீனைத் தட்டி எடுக்கச் சொல்வீங்க, நீயும் உன் மருமகனும்." தண்ணீரில் நின்றபடியே சொன்னார். "மிஷினும் பரவாயில்லைதான். மூலையை நல்லா எடுக்குது. நான் தேய்ச்சப்பகூட மூலை இப்படி வந்ததில்லை."

இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து மாப்பிள்ளைக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. அவளுக்குக் கோபம் வர வேண்டியது. வந்தது கோபம் இல்லை. ரேடியோ கேட்கிற சாக்கில் இந்த மனுஷன் ஒவ்வொரு நாளும் குளத்தில் இறங்கி, மீனையும் காப்பாற்றி, அவள் பெருமையையும் காப்பாற்றி, துணி மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கிண்டல் செய்திருக்கிறார்.

"கதையெல்லாம் இருக்கட்டும்," என்றார் வேன்காரர். "கை வெச்சாச்சு. பேச்சு பேச்சுதான்."

"கை எங்க வெச்சார்? கால்தானே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

டைல்ஸ்காரரின் மனைவி அந்தச் சாக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. நேராகவே கேட்டாள். "உங்க வேன் காலையில எப்படிக் கிளம்புது மாமா?"

"அதுக்கு என்ன?"

"தெருவே சேர்ந்து தள்ளுது. இவர் தோள் நல்லா இருந்தவரை இவரும்தான் தள்ளினார். தள்ளின பிறகு நாள் முழுக்க ஓடுது, நாலு காசு கொண்டு வருது. ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்குன்னு அது மேல மண்ணைக் கொட்டிட்டோமா?"

"நேத்துகூட நானே தள்ளினேன்" என்றார் லாரிக்காரர், யாரும் கேட்காமலே.

வேன்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மிஷின் அதற்குள் அவர் நின்ற பக்கத்துச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, விளிம்பில் படிந்திருந்த அழுக்குக் கோட்டைத் தேய்த்து, தும்மியதுபோல் ஒரு வீச்சுத் தண்ணீரை மேலே அடித்தது. வேன்காரரின் சட்டை நெஞ்சிலிருந்து தொப்பை வரை நனைந்தது. இந்த முறை லாரிக்காரர் திரும்பி நின்று சிரிக்கவில்லை.

மிஷின் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. முடித்து, சத்தம் அடங்கி நின்றது. தரை முழுவதும் துண்டு துண்டாக மின்னியது. எந்தத் துண்டு எந்த வீட்டுக் குளியலறையில் மிஞ்சியது என்று டைல்ஸ்காரர் சொல்லிவிடுவார். மீன் நடுவில் மேடாக, சிவப்பாக, புறப்படத் தயாராக இருப்பதுபோல் நின்றது. அவர் படியேறி வந்து, சொட்டச் சொட்ட அண்ணன் எதிரில் நின்றார்.

"அடித்தரை தெரியலைன்னா மூடிக்கோங்கன்னேன். வேற எந்தப் பேச்சும் நான் பேசலை. தெரியுதாண்ணே?"

வேன்காரர் பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கும் நாக்கு வளையவில்லை. "உன் வேலைக்கு என்னடா குறை" என்றார், திட்டுவதுபோல. "இவ்வளவு சுத்தமா என் வீட்டுச் சமையலறைகூட இல்லை."

அவள் மிஷினைத் தூக்கி வைத்து வயிற்றைத் திறந்தாள். இலை, மண், ஒரு வண்டு, சாவி. சாவியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வேன்காரர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"இது இங்கேயே இருக்கட்டும் மாமா. உங்களுக்கு முன்வாசல் எப்பவும் திறந்திருக்கும். டீ குடிக்க வாங்க. நீந்தவும் வாங்க, நான் கத்துத் தர்றேன்."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார், தம்பியை ஒரு முறை பார்த்தார், ஈரச் சட்டையை உதறிக்கொண்டு, அவள் பூட்டைத் திறந்துவிட்ட பின்பக்கத்துக் கதவு வழியாக வெளியே நடந்தார். லாரிக்காரர் பின்னாலேயே போனார். தெருவில் வேன் இருமியது, கிளம்பவில்லை. "சார், ஒரு கை தள்ளவா?" என்று லாரிக்காரரின் குரல் கேட்டது.

அவள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள்.