துவைக்காத ஜெர்சி

“இத நான் தொவைக்க மாட்டேன்,” என்றாள் அக்கா.

அடுப்படி வாசலில் மூட்டையைப் போட்ட தம்பிக்கு அது காதில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. தெருவின் கால்பந்துக் கிளப்புக்கு அவன்தான் கேப்டன். அணியின் ஜெர்சி மொத்தத்தையும் கேப்டன் வீட்டுப் பெண்கள் துவைத்துத் தருவது கிளப் தொடங்கிய நாளிலிருந்து வழக்கம். போன கேப்டனின் மனைவிக்குச் சோப்புப் பட்டுக் கை புண்ணாகிப்போனபோது கேப்டனைத்தான் மாற்றினார்கள், வழக்கத்தை மாற்றவில்லை.

“நாளைக்கு ஃபைனல்க்கா! பின்தெருக்காரனுங்களோட! நம்ம தெரு மானமே இந்த மூட்டைலதான் இருக்கு.”

“அதான் இப்படி நாறுதா?”

அக்கா தையல் கடையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூட நாளில் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. அன்று காலைதான் தன்னையும் தோழிகளையும் கிளப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தலைவரிடம் கேட்டிருந்தாள். தலைவர் மருந்துக்கடைக்காரர்; எந்தக் கசப்பையும் விழுங்க வைத்துவிடுகிற குரல் அவருக்கு. “பொண்ணுங்கதாம்மா கிளப்புக்கு முதுகெலும்பு. முதுகெலும்பு வெளிய தெரியலாமா?” என்று அனுப்பிவிட்டார்.

“முதுகெலும்புக்கு இன்னிக்கு வலிடா,” என்று மூட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா சாவகாசமாகக் கூரையைப் பார்த்தாள்.

போன ஆட்டத்துச் சேறும் அதற்கு முந்தைய ஆட்டத்து வியர்வையும் மூட்டைக்குள் ராத்திரி முழுக்கக் கூடிக் குலாவின. காலையில் கோல்கீப்பரின் ஜெர்சி ஆள் இல்லாமலே நின்றது.

மைதானத்தில் நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பாவம். தம்பி பந்தோடு வந்தால் பின்தெருத் தடுப்பாட்டக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். நடுவர் கோட்டுக்கு வெளியே நின்றே விசில் ஊதினார். எதிரணி கோல்கீப்பர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் பந்தைத் துழாவினான். கோல் மேல் கோல் விழுந்தது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு தலைவர் நாற்காலி மேல் ஏறினார். கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது. “இது நம்ம பசங்களோட வியர்வைக்குக் கெடச்ச வெற்றி! இனிமே இந்த ஜெர்சியில ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது!”

கைதட்டல் காதைப் பிளந்தது. துவைக்காதவளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

வீரர்கள் வீடு திரும்பினார்கள். வீட்டுக்கு வீடு வாசலிலேயே மறியல்.

“அங்கயே நில்லு! அந்தச் சட்டையோட உள்ள கால வச்ச, பாரு!” என்றாள் அம்மா.

“தலைவர் தொவைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரும்மா.”

“அப்ப தலைவர் வீட்லயே போயி சாப்பிடு.”

போனார்கள். தலைவரின் மனைவி கதவைத் தாழிட்டிருந்தாள். தலைவரும் வெளியேதான் நின்றார்.

கடைசியில் மைதானத்தை ஒட்டிய தெருக்குழாயடியில் கூட்டம் சேர்ந்தது. யாருக்கும் துவைக்கத் தெரியவில்லை. தம்பி சோப்புத்தூள் பாக்கெட்டை அப்படியே வாளியில் கவிழ்த்தான். நுரை பொங்கிப் பாதித் தெருவை மூடியது. நாற்றம் ஏறிய தன் வெள்ளைச் சட்டையையும் அதில் போட்டுவிட்டுப் பனியனோடு நின்ற தலைவர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

பையன்கள் யாரும் இல்லாமல் மைதானம் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காலியாகக் கிடந்தது. அக்கா பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே தோழிகள். போன கேப்டனின் மனைவியும் பாதி வழியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேர்ந்துகொண்டாள்.

“அக்கா! சிவப்புச் சாயம் வெள்ளையில ஏறுதுக்கா! என்ன பண்றது?” தம்பியின் குரல் நுரைக்குள்ளிருந்து வந்தது.

பந்தைக் காலடியில் நிறுத்தி அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஆட்டம் முடியட்டும்டா. வந்து சொல்றேன்.”

பிறகு பந்தை ஓங்கி உதைத்தாள்.