மீட்டர் கண்ணாடியில் பொட்டு

தம்பி ஜெயபாண்டி வேலையை விட்டுப் போய்ப் பன்னிரண்டாம் நாள் காலையிலும் டீசல் முள் பொட்டுக்குக் கீழேதான் நின்றது. செல்லக்கிளி சாவியை அணைத்துவிட்டு மறுபடியும் திருப்பிப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் முள் நின்ற இடத்தில், மீட்டர் கண்ணாடியின்மேல் அவள் கையாலேயே ஒட்டிய கறுப்புப் பொட்டு ஒட்டியபடி இருந்தது. முள் மட்டும் இறங்கியிருந்தது. வண்டி நின்றது சந்தையே அடைத்துக்கொண்டு அவள் வாசலில். சாவி கிடந்தது அவள் தலையணைக்கடியில். டேங்க் மூடிக்குப் போன வாரம்தான் பூட்டு வேறு வாங்கிப் போட்டிருந்தாள். டீசல் திருடுகிறான் என்று தம்பியை விரட்டியாகிவிட்டது. அப்படியானால் இப்போது எடுப்பது யார்?

விளாங்குடியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் குட்டியானை லோடு வண்டி அது. கணவர் இறந்தபோது வண்டியை விற்றுவிடலாம் என்று ஊரே சொன்னது. ஜெயபாண்டிதான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆறு வருஷம். செல்லக்கிளியின் சந்து குறுகல் என்பதால் இரவில் வண்டி அடுத்த தெருவில் அவன் வீட்டு வாசலில் நிற்கும். தை மாதத்தில் ஒருநாள், முள் முன்னைவிடச் சீக்கிரம் இறங்குகிறதே என்று அவள் மனதில் பட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவள் கேட்கவில்லை. மகள் சரண்யாதேவியின் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து எடுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டி முனீஸ்வரியைப் பார்க்கப் போகிற சாக்கில் போய், வண்டியிலேயே கிடக்கும் சாவியைத் திருப்பி, முள் ஏறி நின்ற இடத்துக்கு நேராக ஒட்டிவிட்டு வந்தாள். காலையில் வண்டி கேன் ஏற்ற வந்ததும் எட்டிப் பார்ப்பாள். முள் பொட்டுக்குக் கீழே இருக்கும். பழைய பொட்டைப் பிய்த்துவிட்டுச் சாயங்காலம் புதுப் பொட்டு. மூன்று மாதம் இப்படியே போனது. அதுவரை தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியில் தண்ணீர் கம்பெனி வாசலில், கேன் ஏற்றுகிறவர்கள் நாலு பேர் நிற்கும்போதே கேட்டுவிட்டாள். அவன் இல்லை என்று சத்தியம் செய்வான், இவள் பொட்டைக் காட்டுவாள், அவன் தலை குனிவான் என்றெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். அவனோ வண்டிச் சாவியை உருவினான்.

"ஆமாக்கா, எடுத்தேன். தெனமும் எடுத்தேன். போதுமா?"

சாவியை ஒரு கேனின் தலையில் வைத்துவிட்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த வாக்குமூலம்தான் இப்போது இடித்தது. எடுத்தேன் என்று அவனே சொல்லிவிட்டான். அவன் இல்லாதபோதும் டீசல் குறைகிறது. இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மையாக இருக்க முடியுமா? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

லோடு முடிந்ததும் வண்டியைத் திண்டுக்கல் ரோட்டில் பரீத் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். புருஷன் போன பிறகு தானாகக் கற்றுக்கொண்ட ஓட்டம், இரண்டாம் கியருக்கு மேல் போக இன்னும் பயம். பரீத் மீட்டருக்குள் தலையை விட்டதும் சிரித்துவிட்டார்.

"என்னக்கா, கண்ணாடி பூரா கோந்தா இருக்கு? யாருக்குக் கல்யாணம்?"

அவளுக்கு முகம் சுட்டது. பரீத் டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி வண்டியின் இரும்பில் தொட்டார். முள் சரசரவென்று மேலே ஏறி நின்றது. மீட்டரும் ஒயரும் சரி, கோளாறு டேங்குக்குள்தான் என்றார். டேங்கின் தலையில் இருந்த வட்ட மூடியின் திருகாணிகளைக் கழற்றி, ஒரு கம்பியை மெதுவாக வெளியே இழுத்தார். கம்பியின் நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு மிதவை. துணியில் துடைத்துவிட்டு அதைக் காதருகே ஆட்டிப் பார்த்தவர், அவளிடம் நீட்டினார். ஆட்டினாள். உள்ளே தண்ணீர் போல ஏதோ சளக் சளக்கென்றது.

"ஓட்டை விழுந்துருச்சுக்கா. உள்ள டீசல் எறங்கிக் கனத்துப் போச்சு. வண்டி ஓடி குலுங்குறப்ப கொஞ்சம் மேல நிக்கும். ராத்திரி அசையாம நின்னா தாழ்ந்துபோயிரும். டீசல் அம்புட்டும் அங்கனதான் இருந்திருக்கு, முள்ளுதான் பொய் சொல்லியிருக்கு."

"எம்புட்டு நாளா இப்படி?"

"மூணு மாசமோ நாலு மாசமோ. யாருக்குத் தெரியும்?"

"அப்ப யாருமே எடுக்கலைன்னு சொல்றீகளா?"

பரீத் புது மிதவையைக் கம்பியில் மாட்டியபடியே யோசித்தார். "அதெப்படிக்கா நான் சொல்ல முடியும்? இது சரியாக் காட்டலைங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

பழைய மிதவையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வழியெல்லாம் அது மடியில் சளக்கென்றது. எடுக்காதவன் எதற்கு எடுத்தேன் என்றான்? ஒருவேளை கொஞ்சம் எடுத்திருப்பானோ? அப்படி நினைத்த அடுத்த நொடியே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஜெயபாண்டி இப்போது மாட்டுத்தாவணியில் யாருக்கோ காய்கறி வண்டி ஓட்டுகிறான் என்றும் மதியம் வந்துவிடுவான் என்றும் கேள்வி. அவன் வாசலில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினாள். சத்தம் கேட்டு முனீஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாங்க என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் வந்தான். ஈரத் தலை. செல்லக்கிளி மிதவையை நீட்டினாள். அவனும் காதருகே ஆட்டிப் பார்த்தான். ஆறு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"பெறகு ஏன்டா எடுத்தேன்னு சொன்ன?"

அவன் வண்டிக் கதவைத் திறந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். முள் மெதுவாக ஏறி முக்காலுக்குப் பக்கத்தில் நின்றது. கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக அழுக்கேறிய கோந்து. காலையில் பார்த்த பொட்டு அங்கேயே ஒட்டியிருந்தது.

"நீ ஒட்டிட்டுப் போறத மொத நாளே பாத்துட்டேன்க்கா. மூணு மாசம் அதப் பாத்துக்கிட்டுத்தான் வண்டி ஓட்டுனேன். இன்னைக்காச்சும் வாயத் தொறந்து கேப்பன்னு இருந்தேன். நாலு பேருக்கு முன்னால வச்சுக் கேட்ட. பெறகு எடுத்தேன்னாத்தான் என்ன, எடுக்கலைன்னாத்தான் என்ன?"

செல்லக்கிளிக்கு அழுகை முட்டியது. அவன் பொட்டைப் பிய்த்து வெளியே சுண்டிவிட்டு, கட்டைவிரல் நகத்தால் கோந்தைச் சுரண்ட ஆரம்பித்தான். பழக்கப்பட்ட கை. அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு சாயங்கால லோடுக்குப் போய்விடுவான் போலிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்ப, எடுக்கவே இல்லைல்ல?"

நகம் நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. சாவியை அணைத்தான். முக்காலில் நின்ற முள் சாய்ந்து, மிச்சமிருந்த கோந்துத் தடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து அடியில் போய்ப் படுத்தது. அவன் கை இன்னும் சாவியின்மேலேயே இருந்தது. செல்லக்கிளியின் கையில் மிதவை சளக்கென்றது. அதைச் சேலைத் தலைப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்புவானா, உருவுவானா என்று அவன் கையையே பார்த்தபடி நின்றாள்.