வந்தர்றனுங்க மேடம்

1

இந்தக் கதை ஓசூர் போகும் பஸ்ஸில் என் காதில் விழுந்தது. காலை நேரம், கிருஷ்ணகிரி தாண்டியிருந்தோம். முன் இருக்கையில் ஒரு பெண், இப்போதுதான் படிப்பை முடித்தவள் போலிருந்தாள், போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பஸ்லதானுங்க மேடம் இருக்கறேன். பெருந்துறைக்கு வந்தர்றனுங்க." பெருந்துறை எங்களுக்கு எங்கோ பின்னால் இருந்தது. பஸ் அதற்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அவள் பேசி முடித்தாள், போனை அணைத்துப் பைக்குள் போட்டாள், சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது. அவளுக்கு இளவேனில் என்று பெயர் வைத்தது நான். அவளுக்கு ஒரு அப்பாவை, ஒரு தோழியை, போனின் மறுமுனைக்கு ஒரு மேடத்தைக் கொடுத்ததும் நான்தான். கற்பனைதானே, அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் எழுத எழுத எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்று போகப் போகச் சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பெருந்துறையில் வால்வு செய்யும் அந்தக் கம்பெனியில் ஆளெடுக்கும் அதிகாரி சாஜிதா பேகம். ஈவிரக்கம் இல்லாதவர். அவரிடம் போய் மாட்டிக்கொள்வதைவிட—"

விட்டுவிட்டேன். எதிரில் இருப்பவரைக் கெட்டவராக்கினால் இளவேனில் சுலபமாகத் தப்பித்துவிடுவாள். அவளைத் தப்பவைக்கத்தான் என் கை பரபரக்கிறது என்று அப்போதே தெரிந்துபோனது.

அடுத்து:

"இளவேனிலின் அப்பா நஞ்சப்பனுக்குத் தலைக்கு மேல் கடன். மகளின் பெங்களூர்ச் சம்பளம் வந்தால்தான்—"

இதுவும் வேண்டாம். கடன் என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள். நஞ்சப்பனுக்குக் கடன் கிடையாது. அந்தியூரில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலம் வரை அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்ட குடும்பம். மகள் இன்ஜினியரிங் முடித்ததை வேனில் ஏறும் யூ.கே.ஜி. குழந்தைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். அவரையும் சாக்காக வைத்துக்கொள்ள முடியாது.

சாக்குகளெல்லாம் தீர்ந்துவிட்டதால், கதையை நேராகவே சொல்கிறேன்.

3

இளவேனில் படித்தது கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அந்த வால்வு கம்பெனி வந்தது. தரப் பரிசோதனைப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். கேள்வியெல்லாம் முடிந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருத்தி இளவேனில். இன்னொருத்தி அவளோடு ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த நவ்யா. சாஜிதா பேகம் இளவேனிலை எடுத்தார்.

நவ்யாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த பேரு உன்னோடதுதான் கண்ணு. இவ வரலைன்னா உன்னத்தான் கூப்புடுவேன்" என்றார்.

"இவ எங்கீங்க மேடம் வராம இருக்கப்போறா" என்று நவ்யா சிரித்தாள். அன்று சாயங்காலம் கேன்டீனில் இளவேனிலுக்கு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

ஒருவருக்கு ஒரு வேலை என்பது அந்தக் கல்லூரியின் விதி. வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அடுத்த இன்டர்வியூவில் உட்காரக் கூடாது. அந்த நாற்காலி இன்னும் வேலை கிடைக்காதவருக்கு. இளவேனில் கையெழுத்துப் போட்டாள். கல்லூரியில் வேறு எந்த இன்டர்வியூவுக்கும் உட்காரவில்லை. ஆனால் விடுமுறையில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றுக்கு ஆன்லைனில் தேர்வு எழுதினாள். சும்மா எழுதிப் பார்க்கலாமே என்றுதான். வேலை கிடைத்துவிட்டது. சம்பளமும் அதிகம். கல்லூரிக்குத் தெரிந்தால் வம்பு என்று வீட்டைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. நவ்யாவிடம்கூடச் சொல்லவில்லை.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது, இங்கேயே இருக்கட்டும்: இதைவிட நல்ல வேலை கிடைத்தால் அதற்குப் போவதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். மனசு மாறலாம். மாறியதை யாருக்குச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதில்தான் இந்தக் கதை நிற்கிறது.)

4

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவரிடம் யாரும் வர முடியாது என்று சொல்வதில்லை. அதே நாளில் நமக்கு வேறு விசேஷம் இருக்கும். ஆனாலும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வந்தர்றமுங்க" என்போம். வைத்தவருக்கும் அது தெரியும். சமையல்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதற்குத் தகுந்தாற்போல்தான் அவர் அரிசி போடுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்றால் மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

இளவேனில் இந்த மரியாதையை அப்படியே வேலைக்கும் எடுத்துக்கொண்டு போனாள்.

"லேடீஸ் ஹாஸ்டல்ல உனக்குச் சொல்லி வச்சிருக்கேன் கண்ணு. வந்துருவதானே?" என்று சாஜிதா பேகம் ஒரு நாள் கேட்டார்.

"வந்தர்றனுங்க மேடம்."

இன்னொரு நாள், "பொண்ணு வேண்டாம், நின்னு வேலை செய்ய மாட்டாங்கன்னு மேனேஜர் சொன்னாரு. நாந்தான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். என் பேரைக் காப்பாத்திருவியா?" என்றார்.

"கண்டிப்பாங்க மேடம்."

சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தாள். அந்தக் குரலின் பிரியத்தைக் கேட்டதும் வாய் வரவில்லை. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். கல்யாண வீட்டில் ஆயிரம் இலை போடுவார்கள், நாலு இலை காலியாகக் கிடந்தால் தெரியாது. சாஜிதா பேகம் போட்டு வைத்திருந்தது ஒரே ஒரு இலை.

[என் வெட்கத்துக்குக் காரணம் இதுதான். இந்தப் போன் பேச்சுகளை நான் மளமளவென்று எழுதினேன். ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை. எழுதும்போது இளவேனில் பொய் சொல்கிறாள் என்றே எனக்குத் தோன்றவில்லை. பதவிசான பெண் என்றுதான் தோன்றியது. திரும்பப் படித்தபோது முகம் சுண்டிப்போனது.]

5

திங்கட்கிழமை பெருந்துறையில் சேர வேண்டிய நாள். அன்று காலைதான் அவள் ஓசூர் பஸ்ஸில் இருந்தாள். போனை அணைத்த பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் பெங்களூரில் தங்கியிருந்த பி.ஜி.யின் மாடிப்படியில் நின்றுகொண்டு, அப்பா சொல்லித்தான் கேட்டாள்.

"ஏங்கண்ணு, அந்தக் கம்பெனிக்காரம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன்னு சொன்னியே?" என்றார் நஞ்சப்பன்.

மேலே ஏறி வந்த ஒரு பெண்ணுக்கு இளவேனில் ஒதுங்கி வழி விட்டாள்.

"நேத்துச் சாயங்காலம் நம்ம ஊட்டுக்கே வந்துட்டாங்க கண்ணு. பஸ்ல வாரேன்னு சொன்ன புள்ள வந்து சேரல, போனும் போகலன்னு பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல மத்தியானம் வரைக்கும் நின்னிருக்கறாங்க. எனக்கும் அடிச்சிருக்கறாங்க. நான் வேன் ஓட்டறப்ப எடுக்கறதில்லையே. அப்புறம் வழியில இருக்கற ஆஸ்பத்திரியிலெல்லாம் விசாரிச்சுப்போட்டு இங்க வந்து வாசல்ல நிக்கறாங்க. என்னையப் பாத்ததும், உங்க பொண்ணு நல்லா இருக்காளா, அத மட்டும் சொல்லுங்கன்னாங்க. அழுகையே வந்திருச்சு அந்தம்மாவுக்கு."

[இங்கே பவானிப் பக்கம் ஒரு பஸ் விபத்தை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். வருகிறேன் என்று சொன்ன பெண் வரவில்லை என்றால் பதறுவதற்கு விபத்து எதற்கு? சாஜிதா பேகம் அவள் சொன்னதை நம்பினார். அதுவே போதும்.]

"நீங்க என்னங்கப்பா சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? நல்லா இருக்கறாளுங்க, பெங்களூர்ல இருக்கறாளுங்கன்னேன். அதுக்கப்புறம் அந்தம்மா என்ற மூஞ்சியப் பாக்கல. எனக்கும் நிமுந்து பாக்க முடியல. காப்பி வெச்சுக் குடுத்தேன். குடிச்சுப்போட்டுத்தான் போனாங்க. ஒரு வார்த்த திட்டி வஞ்சிருந்தாக்கூட எனக்கு இத்தன வெக்கமா இருந்திருக்காது கண்ணு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. வரலீன்னு நீ ஒரு மெயில் போடோணுமாம். உங்கூடப் படிச்ச புள்ள ஒன்னு அடுத்ததா இருக்குதாம். நீ எழுதிக் குடுத்தாத்தான் அதைக் கூப்புட முடியுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட முடிஞ்சுதாம், அப்புறம் அந்த எடமே இல்லீன்னு ஆக்கிருவாங்களாம். போட்டுருவியா?"

"போட்டர்றனுங்கப்பா."

6

இனி வருவது அவள் எழுதியது.

"மதிப்பிற்குரிய மேடம், எதிர்பாராத உடல்நலக் குறைவு காரணமாக—"

"குடும்பச் சூழ்நிலையை முன்னிட்டு என் தந்தை என்னை—"

இதில் 'தந்தை' என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அழித்தாள்.

"மேடம், நான் உங்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க எண்ணியிருந்தேன், ஆனால்—"

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இப்படியே போனது. வரவில்லை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஆனால் அதை எழுதினால், ஒரு பெண்மணியை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்தவள் தான்தான் என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். போடாமல் இருக்கும் வரை அவள் இன்னும் நல்ல பெண். நவ்யாவின் இடம் நாளுக்கு நாள் கைவிட்டுப் போவது தெரிந்தும், அந்த நல்ல பெண்ணை விட அவளுக்கு மனசு வரவில்லை. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. அவள் மேல் மட்டுமல்ல.

7

இப்படி முடிக்கலாமா என்று சிலதை எழுதிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை ராத்திரியே மெயில் போய்விடுகிறது, நவ்யாவுக்கு வேலை கிடைக்கிறது. நடந்தால் நல்லதுதான். ஆனால் கல்லூரியில் ஆளுமைப் பயிற்சி எடுக்கிறவர் கைதட்டலோடு முடிக்கிற கதையாகிவிடும் அது. கேட்டவர்கள் வெளியே வந்ததும் அடுத்த போனை எடுத்து "வந்தர்றனுங்க" என்பார்கள்.

நவ்யாவுக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைக்கிறது. ஒரே வரியில் நான் கொடுத்துவிட முடியும். கொடுத்தால் இளவேனில் தப்பிப்பாள். அது நான் நவ்யாவுக்குச் செய்யும் உதவி ஆகாது.

சாஜிதா பேகம் தானாகக் கூப்பிட்டு மன்னிக்கிறார். அவருக்கு அப்படித் தோன்றினால் செய்யட்டும். அவரை நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையவைத்தது போதாதென்று, மன்னிக்கவும் வைக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று, எல்லாவற்றையும் நவ்யாவே எப்படியோ தெரிந்துகொண்டு—

வேண்டாம். நவ்யாவுக்குத் தெரியாது. இளவேனில் பெருந்துறையில்தான் வேலை பார்க்கிறாள் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

8

வெள்ளிக்கிழமை. மத்தியான இடைவேளை. பெங்களூர் ஆபீஸின் சாப்பாட்டுக் கூடத்தில் இளவேனில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். போன் அடிக்கிறது. நவ்யா.

"ஏன்டி, வேலைக்குப் போனதும் ஆளையே மறந்துபோட்டியா? பெருந்துறை எப்படி இருக்குது?"

"ம்... இருக்குதுடி."

"உங்கிட்ட ஒன்னு கேக்கோணும்னு ரெண்டு நாளா நெனச்சிட்டிருக்கறேன். கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு. சரி, உங்கிட்ட எனக்கென்ன வெக்கம்?" நவ்யா சிரிக்கிறாள். "எனக்கு எங்கயும் அமையலடி. போன எடத்துலெல்லாம் சொல்லி அனுப்பறோம்னாங்க. ஒருத்தரும் சொல்லல. இனி ஊட்டுல சும்மா இருக்க வேண்டாம், மாமன் தறிக்குடோன்ல கணக்கு எழுதப் போங்கறாங்க அம்மா. அங்க போனா அவ்வளவுதான், அப்படியே கல்யாணத்தப் பேசிருவாங்க."

இளவேனில் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

"அந்த சாஜிதா மேடம் உங்கிட்ட நல்லாப் பேசுவாங்கதானே? அங்க எனக்கு ஏதாச்சும் ஒரு எடம் இருக்குமான்னு கேட்டுச் சொல்றியா? எந்த வேலைன்னாலும் பரவால்லடி. உன்ன விட்டா எனக்குக் கேக்கறதுக்கு ஆளில்ல."

இதற்கு இளவேனிலின் பதிலை நான் எழுதிவிட்டேன். "கண்டிப்பாக் கேக்கறேன்டி" என்று எழுதி, மேற்கோள் குறியை மூடி, அடுத்த பத்திக்கும் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து அதை அடித்தேன். அதற்குப் பதிலாக வேறொரு வாக்கியம் எழுதினேன், அதிலும் 'பாக்கலாம்' என்று வந்தது. அதையும் அடித்தேன். மூன்றாவது தடவை அவளை அழவைத்தேன். அழுகையைக் கேட்டதும் நவ்யாவே ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டாள், இளவேனில் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுதான் மூன்றிலும் மோசம்.

இதற்கு மேல் என்னால் ஆகாது. நான் வாயைத் திறந்தால் மரியாதைதான் வரும். வேறு மாதிரி பேசப் பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். இல்லாவிட்டாலும் நாளைக்கு உங்களுக்கும் ஒரு போன் வரும், அப்போதாவது தேவைப்படும். அவள் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். பெருந்துறையில் ஆபீஸ் சாயங்காலம் வரை திறந்திருக்கும்.

"ஏன்டி," என்கிறாள் நவ்யா, "நான் கேட்டது தப்பா?"